ஸ்டீம்டு ரைஸ் இல்லை, சோறு இருக்கு

நான்கு மாதமாக இதை எழுத உட்காருவதும் பாதியில் எழுந்து போவதுமாக இருக்கிறேன். முதலில் எழுத நினைத்தது ஒரு கோபமான பதிவு. ஆளுக்கு 3,200 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏழு தட்டில் ஏழு வாய் வைத்த ஓர் உணவகத்தைப் பற்றி, அங்கே மேசையில் உட்கார்ந்திருந்தபோதே பாதி வாசகங்கள் மனசில் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் அன்று என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டது அம்மா. அம்மா அன்று சொன்ன சில வார்த்தைகளால் அந்தப் பதிவை எழுத முடியாமல் போனது. கோபம் முழுசாகப் போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. உணவகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சென்னையில் இருக்கிறது, நவீன இந்தியச் சமையல் என்று சொல்லிக்கொள்கிறது, இரண்டு வாரம் முன்னாடியே மேசை சொல்லிவைக்க வேண்டும். அதுவரை போதும்.

அம்மாவை அங்கே கூட்டிப் போகத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஜூன் மாதம் நத்தம் பக்கத்துக்காரரான விஜய் குமார், நியூயார்க்கில் அவர் சமையலை நடத்தும் செம்மா என்ற உணவகத்துக்காக, அமெரிக்காவில் சமையல்காரர்களுக்குத் தரும் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். வேட்டி கட்டிக்கொண்டு அவர் மேடையில் நின்ற படம் எல்லோர் போனிலும் சுற்றியது. அம்மாவுக்கும் காட்டினேன். அந்த உணவகத்தில் நத்தைப் பிரட்டல் போடுகிறார்கள் என்றதும் அம்மா போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க ஆத்தா வயல்லேர்ந்து மடியில கட்டிட்டு வரும். வெளிய சொல்லிராதீங்கடின்னு சொல்லித்தான் சாப்பிடக் குடுக்கும்" என்றார். எனக்கு அதுவரை தெரியாத சேதி அது. அம்மா சின்ன வயதில் நத்தை சாப்பிட்டிருக்கிறார், அதை ஐம்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நம்ம சாப்பாட்டை இப்போது எப்படி எடுத்து வைக்கிறார்கள் என்று அம்மா ஒருமுறை பார்க்கட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நியூயார்க் முடியாது. சென்னை முடியும்.

அம்மா துறையூர் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சத்துணவுச் சமையலராக இருந்தவர். 1986இல் சேர்ந்து 2016இல் ஓய்வு பெற்றார். ஓர் உதவியாளர், இரண்டு அடுப்பு, 140 பிள்ளைகள். ஆளுக்கு நூறு கிராம் கணக்கு, ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோ அரிசி. வாரத்துக்கு ஐந்து முட்டை என்று வந்த பிறகு தினமும் 140 முட்டையை அவித்து உரிக்கவும் வேண்டும். கட்டைவிரல் நகத்தடியில் ஓடு குத்திக் குத்தித் தழும்பாகிவிட்ட இடம் இன்னும் அம்மாவுக்கு இருக்கிறது.

முருங்கைக்காயும் நுரையும்

உள்ளே போனதுமே சின்னச் சின்னதாக உறுத்த ஆரம்பித்தது. கை கழுவ எங்கே என்று அம்மா கேட்டார். சாப்பிடும் கூடத்தில் எங்கும் குழாய் இல்லை. சூடான ஈரத்துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். கழிப்பறைக்குத்தான் போக வேண்டும் என்று நான் எழுப்பிக் கூட்டிப் போனேன். கையால் சாப்பிடுவதற்காகவே உண்டான பண்டங்களைப் பரிமாறும் இடத்தில், கை கழுவ ஒருத்தியை எழுந்து தூரமாகப் போகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. திரும்பி வந்தால் மேனேஜர் வந்து நின்று, "அம்மாவுக்குக் காரம் எவ்வளவு சாப்பிடுவாங்க?" என்று என்னிடம் கேட்கிறார். அம்மா ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துத் தமிழில் கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். அந்த மாலை முழுக்க மேனேஜர் ஒருமுறைகூட அம்மாவைப் பார்த்துப் பேசவில்லை.

எங்களுக்குப் பரிமாறிய தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசிருக்கும். மணிப்பூர்க்காரர். ஒவ்வொரு தட்டும் வரும்போது அதன் கதையை ஆங்கிலத்தில் ஒப்பிப்பார். மனப்பாடம் என்று தெரியும், ஆனாலும் பொறுமையாக, அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துத்தான் சொல்வார். நான் அதை அம்மாவுக்குச் சொல்வேன்.

முதலில் வந்தது முருங்கைக்காய். விரல் நீளத்துக்கு ஒரு கூம்பு, அரிசி மாவில் கண்ணாடி மாதிரி மெல்லிசாகப் பொரித்தது. உள்ளே முருங்கைக்காய்ச் சதை மட்டும். நார் இல்லை, விதை இல்லை. பூண்டும் மிளகும் சேர்த்து நெய்யில் வதக்கியிருந்தார்கள். வாயில் போட்டதும் கரைந்துவிட்டது. எனக்கு முதலில் தோன்றியது, இரண்டு கடியில் தீர்ந்துவிட்டதே என்பதுதான். அம்மா பாதியைக் கடித்துவிட்டு மீதியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு நார்கூட இல்ல. இத வழிக்கிறதுக்குன்னே ஒரு ஆள் உக்காந்திருக்கும்" என்றார். பிறகு தலையைத் திருப்பிக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சமையலறையைப் பார்க்க ஆரம்பித்தவர், சாப்பிட்டு முடிக்கும் வரை அடிக்கடி அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த சாம்பார் நுரை எனக்குப் பிடிக்கவே இல்லை. காசு அளவில் ஓர் இட்லி, அதன்மேல் சோப்பு நுரை போல வெளிர் ஆரஞ்சில் ஒரு குவியல். அந்தத் தம்பி கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நுரை பாதி அமுங்கிவிட்டது. வாயில் வைத்தால் பெருங்காய வாசம் மட்டும் வந்து போகிறது. பருப்பின் கனம் இல்லை, புளியின் இழுப்பு இல்லை. நாக்கில் நிற்பதற்கு ஒன்றுமே இல்லாத ஒன்றைச் சாம்பார் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாழை இலையில் சுட்ட கொடுவா மீன் நன்றாக இருந்தது, மாங்காய்ப் புளிப்பு சரியாக ஏறியிருந்தது. ஆட்டுக்கறியும் பரவாயில்லை. ஆனால் இவை இரண்டும் வருவதற்கு முன்னால் ரசம் வந்தது. அன்றைய ராத்திரி எனக்குள் இன்னும் முடியாமல் இருப்பதற்கு அந்த ரசம்தான் காரணம்.

தெளிவு

ஒரு கண்ணாடிக் கெண்டியில் கொண்டுவந்தார். கிண்ணத்தின் அடியில் காயவைத்த தக்காளி ஒரு துண்டு, இரண்டு கொத்துமல்லி இலை, நெய்யில் பொரித்த கறிவேப்பிலை ஒன்று. அதன்மேல் ஊற்றினார். பால் ஊற்றாத டீ நிறத்தில், அடி தெரியும்படி அப்படி ஒரு தெளிவு. ரசத்தைக் கடற்பாசியில் கட்டியாக உறைய வைத்து, துணியில் கட்டி, ஒரு ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறக்கி எடுத்தது என்றார் அந்தத் தம்பி. அகர் அகர். நம்ம ராமநாதபுரம் கடற்கரையில், பாம்பன் பக்கம், பெண்கள் கடலில் முங்கிப் பாறையிலிருந்து பறித்து வருவார்களே மரிக்கொழுந்துப் பாசி, அதிலிருந்தும் எடுப்பதுதான் அது. விரலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர்கள் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். இவர்கள் வாங்கியது எந்தக் கடல் பாசியோ, கடற்பாசி என்று அவர் சொன்னதும் எனக்கு அந்த விரல்கள்தான் நினைவுக்கு வந்தன.

எங்கள் வீட்டிலும் தெளிவு ரசம் உண்டு. ரசத்தை இறக்கிவைத்து, கலக்காமல் கால்மணி நேரம் விட்டால் பருப்பும் பொடியும் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவைக் கரண்டியால் அலுங்காமல் முகந்து தம்ளரில் ஊற்றித் தருவார் அம்மா. காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் தெளிவு. மீதி ஆட்களுக்கு அடிமண்டி. நானும் அண்ணனும் அந்த அடிமண்டிக்குத்தான் சண்டை போடுவோம். சூடான சோற்றில் அதை ஊற்றிப் பிசைந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

உணவகத்து ரசம் அம்மா ரசத்தைவிட வாசமாக இருந்தது. இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. மிளகு தனியாக, சீரகம் தனியாக, புளி கடைசியில் தனியாக, ஒவ்வொன்றும் வரிசையில் வந்து போனது. நான் என் வாழ்க்கையில் ரசத்தை இவ்வளவு கவனித்துக் குடித்ததே இல்லை. குடித்து முடித்ததும்தான் ஒரு வெறுமை. இவ்வளவு நல்ல ரசம், இதைக் கொண்டுபோய் எதன்மேல் ஊற்றுவது? அம்மாவும் அதேதான் நினைத்திருக்கிறார். பாதிக் கிண்ணம் குடித்துவிட்டு, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்குக் கொஞ்சம் சோறு கேளு பாப்பா" என்றார்.

நான் கேட்டேன். ஆங்கிலத்தில், ஸ்டீம்டு ரைஸ் கொஞ்சம் கிடைக்குமா என்று. அந்தத் தம்பி உண்மையிலேயே வருத்தப்பட்ட முகத்தோடு, மன்னிக்கணும் மேடம், எங்க மெனுவில் ஸ்டீம்டு ரைஸ் கிடையாது என்றார். இந்தியச் சாப்பாட்டுக் கடையில் வெள்ளைச் சோறு இல்லை. என் மனசில் ஓடிக்கொண்டிருந்த பதிவுக்கு அதைவிட நல்ல வரி கிடைத்திருக்காது. நான் அம்மாவிடம் திரும்பி, இல்லையாம்மா என்றேன்.

அம்மா நம்பவில்லை. அந்தத் தம்பியை நேராகப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: "ஏன் தம்பி, சோறு இல்லையா?"

அந்த முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இதுவரை கதை ஒப்பித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. பிறகு சிரித்தார், பல் தெரிய, சின்னப் பையன் மாதிரி. "சோறு?" என்றார். "சோறு இருக்கு, அம்மா."

அவர் உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் வந்தார். ஒரு சாதாரண எவர்சில்வர் கிண்ணம். அந்தக் கடையில் அதுவரை வந்த எதுவும் எவர்சில்வரில் வரவில்லை. அதில் ஒரு கரண்டி சோறு, ஆவி பறக்க. புழுங்கலரிசிச் சோறு. அது அவர்கள் சாப்பாடு. வேலை முடிந்ததும் சமையலறை ஆட்கள் சாப்பிட ஒரு பக்கத்தில் வடித்து வைத்திருந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் இருபது முப்பது வார்த்தை இருந்தால் அதிகம். அதில் ஒன்று சோறு, ஏனென்றால் தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு உள்ளே யாரோ அந்த வார்த்தையைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். ஸ்டீம்டு ரைஸ் என்பது மெனுவில் இருக்க வேண்டிய ஒன்று. அது இல்லை. சோறு எப்போதும் இருந்திருக்கிறது.

அம்மா மீதி ரசத்தை அதில் ஊற்றி, கையாலேயே பிசைந்தார். எனக்கு ஒரு வாய் உருட்டிக் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் கடையில் சாப்பிட்டதில் அதுதான் மிகச் சிறந்தது. அந்த ரசத்தை வைத்த சமையல்காரர் அப்போது பக்கத்தில் வந்து நின்று அந்த ஒரு வாயைச் சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. குறை சொல்ல அல்ல, அவர் ரசம் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கே காட்ட. ஆனால் வந்தது மேனேஜர். கிண்ணத்தைப் பார்த்தார், அந்தத் தம்பியை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு என்னிடம் வந்து, இந்தத் தட்டைச் சோறு இல்லாமல் அனுபவிக்கும்படிதான் ஷெஃப் வடிவமைத்திருக்கிறார் என்று விளக்கினார். அப்போதும் அம்மா பக்கம் திரும்பவில்லை.

பதினோரு பேர்

கடைசியில் இனிப்பாக உளுந்தங்களி வந்தது. நெல்லிக்காய் அளவில் மூன்று உருண்டை, பக்கத்தில் கருப்பட்டி ஐஸ்கிரீம், மேலே நல்லெண்ணெய் நாலு சொட்டு. பழங்காலத்துச் சத்துணவு என்று அந்தத் தம்பி சொன்னதை நான் அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன். சத்துணவு என்ற சொல்லைக் கேட்டு அம்மா சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வயசுக்கு வந்தபோது பதினாறு நாள் இதைக் கிண்டி, முழுங்கு முழுங்கு என்று அதட்டி ஊட்டினவர் அவர். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம். நல்லெண்ணெய் நல்லதாக இருந்தது.

பில் வந்தது. இரண்டு பேருக்கு 6,400. சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 640. ஜிஎஸ்டி ஐந்து சதவீதம், 352. மொத்தம் 7,392. அம்மாவிடம் ஆளுக்கு ஐந்நூறு என்று பொய் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தேன். நான் மறைப்பதற்குள் அம்மா அதைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷம் இருப்புக் கணக்குக்குக் கூடநின்றவருக்கு எண்கள் தூரத்திலிருந்தே தெரியும். ஓய்வு பெற்ற சத்துணவு ஊழியருக்கு அப்போது மாதம் 2,000 ரூபாய் ஓய்வூதியம். மூன்றரை மாதத்துக்கும் மேலான காசு அந்தத் தாளில் இருந்தது.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். சொல்லப்போனால் திட்டட்டும் என்றுதான் இருந்தது. அம்மாவும் திட்டிவிட்டால் என் கோபத்துக்கு ஓர் ஆதரவு கிடைக்கும். அம்மா கண்ணாடிச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். "உள்ள எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா? பதினோரு பேர். வந்ததுலேர்ந்து எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு புள்ள வந்த நேரத்துலேர்ந்து நிமிரவே இல்ல, இலை இலையா எடுத்து வச்சிக்கிட்டே நிக்கிது. இங்க சாப்புடுறது நாப்பது பேர் இருப்பமா? நாப்பது பேருக்குப் பதினோரு பேர். அப்பக் காசு கேக்கத்தான் செய்வான்."

கொஞ்ச நேரம் கழித்து, "நாங்க ரெண்டு பேரு, நூத்தி நாப்பது புள்ளைங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. குரலில் ஆதங்கமும் இல்லை, பெருமையும் இல்லை. கணக்குச் சொல்கிற குரல்.

இந்த இடத்தில்தான் என் பதிவு உடைந்தது. ரசத்துக்கு இவ்வளவு காசா என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கொதிப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். ரசம் எனக்கு எப்போதுமே சும்மா கிடைத்தது. விடியற்காலை எழுந்து எங்களுக்குச் சமைத்துவைத்துவிட்டு, பிறகு 140 பேருக்குச் சமைக்கப் போனவரின் உழைப்பில் கிடைத்தது. அதற்கு நான் விலை போட்டதே இல்லை. அதனால்தான் யாராவது விலை போட்டால் அநியாயமாகத் தெரிகிறது. இப்படிச் சொன்னதும் உணவகத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். சாம்பாரை நுரையாக்கிக் கெடுத்ததும், கை கழுவ இடம் வைக்காததும், சாப்பிட வந்தவரின் முகத்தைப் பார்த்துப் பேசாததும் காசோடு சம்பந்தப்பட்டவை இல்லை. பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்த்துப் போதுமா என்று கேட்பதற்குப் பதினோரு பேர் வேண்டாம்.

சர்வீஸ் சார்ஜில் மட்டும் நான் விடுவதாக இல்லை. அதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும். மேனேஜரைக் கூப்பிடப் போனேன். அம்மா, "அது என்ன 640?" என்றார். பரிமாறுகிறவர்களுக்கு என்று சொல்கிறார்கள் என்றேன். "சொல்றாங்கன்னா? போய்ச் சேருதா இல்லையா?"

அந்தத் தம்பியிடமே கேட்டேன். அவர் மேனேஜர் நின்ற திசையை ஒரு நொடி பார்த்தார். பிறகு மெதுவாக, எங்களுக்குச் சம்பளம் மேடம் என்று மட்டும் சொன்னார். சேர்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் 640ஐ எடுக்கச் சொன்னேன், இழுக்காமல் உடனே எடுத்துவிட்டார்கள். வரியும் குறைந்து 6,720 ஆனது. அந்த வித்தியாசத்தை, 672 ரூபாயை, நானே அவர் கையில் கொடுக்க எழுந்தபோது அம்மா முந்திக்கொண்டு தன் பர்ஸிலிருந்து இருநூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து அதோடு சேர்த்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார். "ஊருக்கு எப்பப் போவ தம்பி?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். 2023 மே மாதத்துக்குப் பிறகு போகவில்லை என்றார் அவர். கிறிஸ்துமஸுக்குப் போகப் பார்க்கிறேன் என்றார். அந்த மாதம் மணிப்பூரில் வெடித்த இனக்கலவரத்தைப் பற்றி அம்மாவுக்கு விவரமாகத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஏதோ புரிந்திருக்க வேண்டும். கையை விட இன்னும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது அம்மா சாப்பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்தச் சோறு யாரு பங்கோ. அதுக்காக அந்தப் புள்ளையத் திட்டிருக்க மாட்டாங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். திட்டியிருக்க மாட்டார்கள் என்று நானும் இரண்டு தடவை சொன்னேன். எனக்கு நிச்சயமில்லை.

ஊருக்குப் போன மறுவாரம் போன் செய்தார். தோட்டத்து முருங்கைக்காயை ஏழெட்டு வேகவைத்து, ஸ்பூனால் வழித்துப் பார்த்தாராம். ஒரு மணி நேரம் ஆனதாம், ஒரு சின்னக் கிண்ணம்கூட நிறையவில்லையாம். விதை வேறு கூடவே வருகிறதாம், அவர்கள் எப்படி எடுத்தார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். போன வாரம் மறுபடி போன். அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டாச்சு, தெருவில் ஸ்டார் கட்டியிருக்கிறார்கள் என்று ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தி, "கிறிஸ்துமஸ் வந்துருச்சே பாப்பா, அந்தத் தம்பி ஊருக்குப் போயிருப்பானா?" என்றார்.